நோட்டில் எழுதாத பெயர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழுவினர் கேட்டபோது கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். "கவிதை ஏற்கெனவே முப்பது வந்து கெடக்குது. உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா" என்றார்கள். எனக்குத் தெரிந்தது கரண்ட். அதைவிட நன்றாகத் தெரிந்தது ஒரு கரண்டுக்காரரை. அவர் என் அப்பா.

எங்கள் ஊர் திருமங்கலத்துக்குப் பக்கம். ஊரில் என் பெயர் பல பேருக்குத் தெரியாது. 'கரண்டுக்காரர் மகன்' என்றால் எல்லாருக்கும் தெரியும். மழை பெய்து பீஸ் போனாலும், கிணற்று மோட்டார் ஓடாவிட்டாலும், கல்யாண வீட்டுக்கு சீரியல் பல்பு கட்ட வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ராத்திரி பன்னிரண்டு மணி ஆனாலும் அப்பா முகம் சுளிக்க மாட்டார். டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் பையில் போட்டு, டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா அரைத் தூக்கத்தில், "செருப்புப் போட்டுக்கிட்டுப் போங்க" என்பாள். அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் இருந்த பாதுகாப்பு விதி!

அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். தாத்தா இறந்ததும், 1997-இல், ஒரு வயர்மேனுக்குக் கையாளாகப் போனார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. முதல் இரண்டு வருடம் சுவரில் காடி வெட்டும் வேலைதான். சுத்தியலும் உளியுமாக நாள் முழுக்க வெட்டினால் உள்ளங்கை கொப்பளித்துப் போகும். சாப்பிடும்போது சோற்றில் சிமெண்ட் மணக்கும் என்பார். யாரும் அவரை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. மேஸ்திரி ஸ்விட்ச் போர்டு கட்டும்போது வயரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்று, பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

ஒன் எய்ட்டீன், த்ரீ ட்வென்டி, செவன் ட்வென்டி என்று வயர் அளவெல்லாம் இங்கிலீஷில்தான் சொல்லுவார். "அப்படின்னா என்னப்பா?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "கடையில அப்படித்தாண்டா கேக்கணும்" என்பார். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது எண் இழையின் கேஜ் என்று நான் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னபோது, அப்பா ஒரு வயர்த் துண்டை எடுத்துச் சீவி, உள்ளே இழைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "ஏழு இருக்குடா!" என்று சிரித்தார். இருபத்தாறு வருடமாக அவர் கையில் இருந்த வயர் அது.

பாலிடெக்னிக்கில் சேர 2023-இல் விண்ணப்பம் நிரப்பியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் 'எலக்ட்ரீசியன்' என்று பெருமையாக எழுதப் போனேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூலின்னு போடுடா."

"ஏம்ப்பா?"

"லைசென்ஸ் இல்லாதவன் எலக்ட்ரீசியன்னு எழுதக் கூடாது. யாராச்சும் கேப்பாக."

கூலி என்றே எழுதினேன். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் சுட்டது.

* * *

அந்த வருடம் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாள் காலை. எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு அக்கா மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். பின்கட்டில் தரை முழுக்க ஈரம். காலில் செருப்பில்லை. ஓடுகிற கிரைண்டரில் தண்ணீர் ஊற்றக் கை வைத்தவர், அலறக்கூட முடியாமல் அப்படியே ஒட்டிக்கொண்டார். நல்ல வேளை, அவருடைய மாமியார் ஓடிப்போய் மெயினை இறக்கிவிட்டார். நாலு நாள் ஆஸ்பத்திரி. வலது கையில் இரண்டு விரல் வெந்து போனது. உயிர் தப்பியது.

அந்த வீட்டுக்கு 2016-இல் வயரிங் செய்தது என் அப்பா.

கிரைண்டருக்கு இருந்தது ரெண்டு பின் பிளக். அந்த பிளக் பாயிண்டுக்கு எர்த்து வயரே போகவில்லை. வீடு கட்டும்போது வீட்டுக்காரப் பெரியவர், "லைட்டு எரியணும், ஃபேன் சுத்தணும், அதுக்கு ரெண்டு வயர் போதும்ல? மூணாவது வயர் எதுக்குப்பா வெட்டிச் செலவு?" என்று கேட்டிருக்கிறார். அப்பாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எர்த்து போடுவது நல்லது என்று தெரியும். ஏன் நல்லது என்று தெரியாது. ஏனென்று தெரியாதவன் எப்படி வாதாட முடியும்? முன்கட்டுக்கு மட்டும் போட்டுவிட்டு, பின்கட்டை விட்டுவிட்டார்.

விசாரிக்க அதிகாரி வந்தார். முதல் கேள்வியே, "வயரிங் செஞ்சது யாரு? லைசென்ஸ் இருக்கா?" என்பதுதான். அந்த வீட்டுக்கு இணைப்பு வாங்கக் கொடுத்த பேப்பரில் ஒரு காண்ட்ராக்டரின் கையெழுத்து இருந்தது. அந்த மனிதர் அந்த வீட்டு வாசல்படியைக்கூட மிதித்ததில்லை. ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு என்று அப்பா காசு கொடுத்து வாங்கி வந்ததுதான். போனில் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியாதே!"

எத்தனையோ வீடுகளுக்கு அவரிடம் கையெழுத்து வாங்கியவரை அவருக்குத் தெரியாதாம். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அந்த அக்காவின் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. புகாரும் கொடுக்கவில்லை. "அண்ணே, நீங்க பார்த்துச் செஞ்சதுதானேண்ணே" என்று மட்டும் கேட்டார். இரண்டு அடி அடித்திருந்தால்கூட அப்பா தாங்கியிருப்பார். ஒன்பது நாள் வேலைக்குப் போகவில்லை. கதவைத் தட்டியவர்களிடம் உடம்பு சரியில்லை என்று அம்மா சொல்லி அனுப்பினாள். பத்தாம் நாள் ராத்திரி, நான் படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கணும்டா. என்ன செய்யணும்னு உங்க வாத்தியார்கிட்ட கேட்டுட்டு வா."

* * *

எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். வீட்டு வயரிங் வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. உரிமம் பெற்ற காண்ட்ராக்டர் எடுத்துச் செய்ய வேண்டும்; தகுதிச் சான்றிதழ் உள்ளவர் மேற்பார்வை பார்க்க வேண்டும். இது 1956-ஆம் வருட இந்திய மின்சார விதிகளின் 45-ஆவது விதியிலேயே இருந்தது. 2003 மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு மத்திய மின்சார ஆணையம் 2010-இலும் 2023-இலும் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும் இதே கருத்துதான்.

முறையாகப் படிக்க ஐ.டி.ஐ. இருக்கிறது. ஆனால் எலக்ட்ரீசியன் பிரிவு இரண்டு வருடம். நாற்பத்தொரு வயதில், அன்றாடம் போனால்தான் அடுப்பெரியும் வீட்டில், இரண்டு வருடம் வகுப்பில் உட்கார அப்பாவால் ஆகுமா? தொழிலில் ஊறியவர்களுக்கென்று இன்னொரு வழி இருப்பதைச் சார் சொன்னார். அதுதான் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. 21 வயது முடிந்திருக்க வேண்டும். வயரிங் தொழிலில் 5 வருடத்துக்குக் குறையாத செய்முறை அனுபவம் இருக்க வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் தேர்வு நடக்கும்.

உதவியாளர்! இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவருக்கு உதவியாளர் சான்றிதழ்! எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. நான் டிப்ளமோ முடித்து, கேட்கிற அனுபவத்தைக் காட்டினால் மேற்பார்வையாளர் சான்றிதழுக்கே விண்ணப்பிக்கலாம். அப்பாவோ என்னைவிட எட்டு வயது மூத்தது அவருடைய டெஸ்டர் என்பதைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, "ஒனக்கு நான் கையாளா வர்றேன். நல்லதுதானடா?" என்றார்.

முதல் தடவை அறிவிப்பு செய்தித்தாளில் வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த பேப்பரில்தான் அப்பா அதைப் பார்த்தார். கடைசித் தேதி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. எண்ணெய்க் கறையோடு அந்தத் துண்டை மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்தார். அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருந்த காலத்தில்தான் பெரிய சிக்கல் தெரிந்தது. 5 வருட அனுபவத்துக்குச் சான்று யார் கொடுப்பது?

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. எங்கள் ஊரில் ஐந்து தெருவில் எரிகிற விளக்கெல்லாம் அப்பா போட்டதுதான். ஆனால் விளக்கு வந்து சாட்சி சொல்லுமா? அவர் வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. கூலியைக் கையில் வாங்கினார், செலவழித்தார். அவ்வளவுதான்.

முதலில் ஒரு காண்ட்ராக்டரிடம் போனோம். "யாருன்னே தெரியாம எப்படித் தம்பி கையெழுத்துப் போடறது?" என்றார். நியாயம்தான். இரண்டாவது, அந்தக் கையெழுத்துக்காரர். 'உங்களைத் தெரியாது' என்றவருக்கு இப்போது தெரிந்தது. ஐயாயிரம் ரூபாய் கொடுத்தால் எத்தனை வருடம் வேண்டுமோ அத்தனை வருடம் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும், "குடுத்துருவோம்ப்பா. அம்மா பூக்கட்டின சீட்டுப் பணம் இருக்கு. வேலை முடிஞ்சிரும்" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், நான்தான் சொன்னேன்.

அப்பா வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே நின்றார்.

"அந்தப் புள்ளைக்கு வெரல் வெந்து போனது இந்தக் கையெழுத்துனாலதாண்டா. அவரு வந்து பார்த்திருந்தா, பின்கட்டுல எர்த்து எங்கடான்னு கேட்டிருப்பாரு. திரும்பவும் அதே பொய்க் கையெழுத்துலயா நான் ஆரம்பிக்கறது?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

* * *

மூன்றாவதாகப் போனது மதுரையில் இருக்கும் ஒரு வயதான காண்ட்ராக்டரிடம். 2004-இலிருந்து 2011 வரை அப்பா அவரிடம்தான் வேலை பார்த்தார். பெரியவர் அப்பாவைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். காபி வந்தது. விஷயத்தைச் சொன்னதும் யோசித்தார்.

"உன்னை எனக்குத் தெரியும்ப்பா. ஆனா ஏழு வருசம்னு வாயில வந்தபடி எழுதக் கூடாது. ஒருத்தன் கேட்டா நான் எதைக் காட்டுவேன்?"

அப்பாவுக்கு முகம் தொங்கிப் போனது. அப்போது உள்ளேயிருந்து அந்த வீட்டு ஆச்சி குரல் கொடுத்தார்: "சனிக்கிழமைக் கணக்கு நோட்டெல்லாம் பரண்ல கெடக்குதே. எடுத்துப் பாக்கறதுதானே?"

நான்தான் ஏணி போட்டு ஏறினேன். சிலந்திக் கூட்டுக்கு நடுவே ஒரு தகரப் பெட்டி. அதற்குள் நீளநீளமான கணக்கு நோட்டுகள். ஒவ்வொரு சனிக்கிழமையும் யாருக்கு எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று ஆச்சி தன் கைப்பட எழுதி வைத்திருந்தார். அட்டை செல்லரித்திருந்தது. உள்ளே எழுத்து அழியவில்லை. அப்பாவின் பெயர்! ஆறு நாள். ஐந்தரை நாள். ஆறு நாள். தீபாவளி வாரம் நாலு நாள், போனஸ். பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. முதல் நோட்டில் கோணல்மாணலாக இருந்தது, பிற்பாடு கொஞ்சம் நேராகியிருந்தது.

2007-இல் ஒரு வாரம் மட்டும் 'மூன்று நாள், மகன் பிறப்பு' என்று இருந்தது.

அந்த மகன் அதைப் படித்தான். என்னால் அதற்கு மேல் படிக்க முடியவில்லை. நோட்டைப் பெரியவர் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

பெரியவர் உடனே எழுதிக் கொடுக்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிக் கூட்டிப் பார்த்தார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு மெக்கரை எடுத்து அப்பாவிடம் நீட்டி, "இந்த வீட்டு வயரிங்கை டெஸ்ட் பண்ணிக் காட்டு" என்றார். அப்பா மெயினை இறக்கி, பல்பு, பிளக்கெல்லாம் கழற்றிவிட்டுச் செய்து காட்டினார். கை பழகியிருந்தது. அதற்கப்புறம்தான் பேனாவைத் திறந்தார். காசு வாங்கவில்லை. "உன் பேரை நோட்டுல எழுதினது நான் இல்லப்பா. அவகிட்ட சொல்லிட்டுப் போ" என்றார். அப்பா ஆச்சியின் காலில் விழுந்து எழுந்தார்.

* * *

பிறகு படிப்பு தொடங்கியது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வீட்டுத் திண்ணைதான் வகுப்பறை. நான் வாத்தியார். அப்பா மாணவர். அம்மா பூக்கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள்.

செய்முறையில் அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. மாடிப்படி விளக்குக்கு இரண்டு டூ-வே ஸ்விட்ச் இணைப்பதை நான் படம் போட்டுப் பார்த்து அரை மணி நேரம் செய்தேன். அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே பத்து நிமிடத்தில் முடித்தார். ஆனால் 'ஏன்' என்று கேட்டால் நின்றுவிடுவார். அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு 'ஏன்' என்று வைத்துக்கொண்டோம்.

மூணு பின் பிளக்கில் எர்த்து பின் மட்டும் ஏன் நீளம்? செருகும்போது முதலில் தொடவும், உருவும்போது கடைசியில் விடவும். ஏன் தடிமன்? தவறிப்போய்க்கூட பேஸ் ஓட்டைக்குள் நுழையாமலிருக்க. எர்த்து குழியில் ஏன் உப்பும் கரியும்? மண்ணில் ஈரம் நின்று, தடை குறைய. பிளக் மாட்டும்போது எர்த்து வயரை ஏன் கொஞ்சம் நீளமாக விட வேண்டும்? இதை மட்டும் அவரே சொன்னார்: "மதுரைப் பெரியவர் விடச் சொல்லுவாரு. காரணம் தெரியாது." காரணத்தை இருவரும் சேர்ந்து யோசித்துக் கண்டுபிடித்தோம். யாராவது வயரைப் பிடித்து இழுத்தால், பேஸும் நியூட்ரலும் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் எர்த்து பிடுங்க வேண்டும். அன்று அப்பாவுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் நான் ஓம் விதி எடுத்தேன். அந்த ராத்திரியை நான் மறக்க மாட்டேன்.

"230 வோல்ட். ஈரமா இருக்குற ஆளோட உடம்புத் தடை ஆயிரம் ஓம்னு வச்சுக்குவோம்ப்பா. வகுத்துப் பாருங்க."

விரல் விட்டு, நோட்டில் எழுதி, வகுத்தார். 0.23 ஆம்பியர்.

"இதயத் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதும்ப்பா. இப்ப ஒரு அறுபது வாட் குண்டு பல்பு எவ்வளவு இழுக்கும்?"

அறுபதை 230-ஆல் வகுத்தார். 0.26.

"அப்ப, ஒரு ஆளு செத்துக்கிட்டிருக்கும்போது அவரு உடம்பு வழியாப் போற கரண்ட், ஒரு குண்டு பல்பு இழுக்கறதைவிடக் கம்மி. பல்பு போட்டா பீஸ் போகுமா?"

அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"இத்தனை வருசமா, பீஸ் இருக்குல்ல, ஷாக் அடிச்சா பீஸ் போயிரும், ஆளு தப்பிச்சிருவான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டா..."

பீஸ் காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. ஆளைக் காப்பாற்றுவது எர்த்து. கிரைண்டரின் உடம்பு எர்த்தோடு சேர்ந்திருந்தால், எர்த்தின் தடை ஐந்து ஓம் என்று வைத்தாலும் 46 ஆம்பியர் அந்த வழியாகப் பாயும். பதினைந்து ஆம்பியர் பீஸ் போய்விடும். ஆள் கை வைக்கும் முன்பே கிரைண்டர் நின்றிருக்கும். இதோடு ஆர்.சி.சி.பி. ஒன்று இருந்தால், 0.03 ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த மூன்றாவது வயர் வெட்டிச் செலவு இல்லை. பெரியவர் அன்று கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். பதில் கிடைக்க ஏழெட்டு வருடமும், ஒரு அக்காவின் இரண்டு விரலும் ஆகிவிட்டது.

அன்று ராத்திரி அப்பா தூங்கவில்லை. விடிகாலையில் நான் எழுந்தபோது, நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் ஒன்று எழுதி வைத்திருந்தார். அவர் எர்த்து முழுசாகப் போடாமல் விட்ட வீடுகள். மொத்தம் பதினொன்று.

* * *

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த வீடுகளுக்குப் போகத் தொடங்கினார். நானும் கையாளாகப் போனேன். சாமான் செலவில் பாதி வீட்டுக்காரர், மீதி அப்பா. கூலி இல்லை. சில பேர் ஒத்துக்கொண்டார்கள். சில பேர் சிரித்தார்கள். "இவ்வளவு நாளா ஒண்ணும் ஆகல, இப்ப என்னப்பா புதுசா?" என்றார் ஒருவர். முன்பு என்றால் அப்பா திரும்பி வந்திருப்பார். இப்போது திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பேப்பரில் 230-ஐ ஆயிரத்தால் வகுத்துக் காட்டினார். "பல்பு போட்டா பீஸ் போகுமா சொல்லுங்கண்ணே?" என்று கேட்டார். அந்த வீட்டில் எர்த்து குழி தோண்டியது அந்த அண்ணனின் மகன்தான்!

முதலாவதாக நாங்கள் போனது எந்த வீட்டுக்கு என்று சொல்லத் தேவையில்லை. அந்த அக்கா டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரை நீட்டிய கையை அப்பா நிமிர்ந்து பார்க்கவில்லை.

தேர்வு நாளன்று அப்பா தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நான் வெளியே காத்திருந்தேன். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் இருபது இருபத்தைந்து வயதுப் பையன்கள். அவர்களுக்கு நடுவில் நரைத்த தலை ஒன்று குனிந்து வேலை செய்வது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெளியே வந்ததும், "கை நடுங்கிருச்சுடா" என்றார். முப்பதடிக் கம்பத்தில் ஏறியும் நடுங்காத கை!

"என்னப்பா கேட்டாக?"

"போர்டைப் பார்த்துட்டு, எர்த்து வயரை ஏன் நீளமா விட்டிருக்கீங்கன்னு கேட்டாரு."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சொன்னீங்களா?" என்றேன்.

"சொன்னேன்டா. காரணத்தோட சொன்னேன்."

இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது வந்திருக்கலாம். தேறினால் சான்றிதழ் வரும். தவறினால் மறுபடியும் எழுதுவார். பதினொன்றில் ஏழு வீடு முடிந்துவிட்டது. மீதி நாலு வீட்டுக்கு ரிசல்ட் வரும்வரை அவர் காத்திருக்கப் போவதில்லை.

* * *

நண்பர்களே! அறிவுரை சொல்லும் வயது எனக்கில்லை. உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே அரியரை எழுதுகிறவன்தான் நான். ஆனாலும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் சில வருடத்தில் நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். சிலர் காண்ட்ராக்டர் ஆவோம். நம் கையெழுத்துக்கு ஒரு விலை வரும். வீட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டால் இவ்வளவு தருகிறேன் என்று ஒருவர் வந்து நிற்பார். அவர் என் அப்பாவைப் போல நல்ல மனிதராகவே இருக்கலாம். தயவுசெய்து போடாதீர்கள். போய்ப் பாருங்கள். பின்கட்டில் எர்த்து எங்கே என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்காகத்தான் நமக்கு அந்தச் சான்றிதழே கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. நம்மிடம் காடி வெட்ட ஒரு பையன் வருவான். எட்டாவதோ ஒன்பதாவதோ படித்திருப்பான். அவனிடம் வேலை மட்டும் வாங்காதீர்கள். ஒரு 'ஏன்' சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். இருபது வருடம் கழித்து அவன் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம். அப்போது பரண்மேல் அந்த நோட்டு இருக்க வேண்டும்.

போன மாதம் வேலைவாய்ப்பு முகாமுக்காக ஒரு படிவம் நிரப்பினேன். 'தந்தையின் தொழில்' என்று அதிலும் ஒரு கட்டம் இருந்தது. அப்பாவுக்குப் போன் போட்டு, "என்னப்பா எழுத?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ரிசல்ட் வரலையேடா... வயரிங் வேலைன்னு எழுது. அது பொய் இல்ல."

அப்படியே எழுதினேன்.

மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை.